திரும்பவும் அந்தக் கேட்டுக்கே

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் காலையில் வந்து, தேங்காய்க் கம்பெனியில் தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டாள். யாரோ இவளை அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கம்பெனியைப் பற்றி நான் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இருந்த தகவல்களில் பாதி அவள் சொன்னவை. அங்கிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவள் அவள். இனி அந்த ரோட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று என் சமையலறையில் நின்று சொன்னவள். அவளே இப்போது, சாயம் போன கம்பெனிச் சுடிதாரைத் துவைத்து மடித்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள்.

கம்பெனி கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாளையார் போகிற வழியில், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. தேங்காயை உடைத்து, பருப்பின் பழுப்புத் தோலைச் சீவி, துருவிக் காயவைத்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தோல் சீவுவது பெண்களின் வேலை. நின்றுகொண்டேதான் சீவ வேண்டும். நாள் முழுக்கத் தேங்காய்த் தண்ணீரில் நனைந்து விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போகும். கேட்டில் மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் 'பெண்கள் தேவை' என்று ஒரு பலகை. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பலகையை யாரும் கழற்றியதில்லை. பெயிண்ட் மங்கினால் புதிதாக அடிப்பார்கள். பலகை கழற்றப்படவே இல்லை என்றால் ஆட்கள் வேலையை விட்டு ஓடிப்போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் பலகைக்குக் கீழே எப்போது பார்த்தாலும் ஆட்கள் நின்றுகொண்டும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு செய்தித்தாளின் டெஸ்க்கில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் நடுவில் எவனோ லாபம் பார்க்கிறான் என்று எடுத்துக்கொள்வது பழகிப்போயிற்று.

அவள் வெளியேறிய கதை இது. தோல் சீவும் வரிசைக்கு ஒரு மரக்கட்டைதான் உண்டு. கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவள் திரும்பி வரும்வரை அடுத்தவள் போக முடியாது. கட்டை சூப்பர்வைசரின் மேஜையில் இருக்கும். ஒரு நாள் இவள் கேட்டபோது, இப்போதுதானே போனாய் என்று அவன் சிரித்திருக்கிறான். போகவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். கட்டையைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டிருக்கிறான். இவள் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து, கட்டையை அவன் மேஜையில் வைத்து, பக்கத்தில் கத்தியையும் வைத்துவிட்டு, ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே கேட்டைத் தாண்டி வந்துவிட்டாள். அந்த நேரத்தில் கம்பெனி பஸ் கிடையாது என்பதால் வெயிலில் நடந்தே வந்தாள்.

இப்படிப் போனவர்களை மறுபடி எடுப்பதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. 'கேட்டுல நிக்கறது' என்பார்கள். காலையில் எல்லாரும் உள்ளே போகும் நேரத்தில் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் வருவான். தப்பு என்னுடையது என்று வரிசைப் பெண்கள் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவன் தலையாட்டினால் உள்ளே போகலாம். ஆட்டாவிட்டால் மறுநாளும் நிற்கலாம். நான் பேச வேண்டும் என்று அவள் கேட்டது இதிலிருந்து தப்பிக்க அல்ல. நின்றாலும் எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

நான் முதலில் சந்தேகப்பட்டது ஆள் பிடிக்கும் அம்மாவை. எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர். கம்பெனிக்குப் பெண்களைச் சேர்த்துவிட்டால் அவருக்கு ஏதோ கிடைக்கிறது என்று ஊரில் பேச்சு. இட்லி வாங்கும் சாக்கில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவர் மறைக்கவில்லை.

"நாஞ் சேத்துவுட்டவிகளுக்கு எதோ குடுப்பாங்க, இல்லீன்னு சொல்லல. ஓடிப்போயிட்டுத் திரும்பி வந்தவளுக்கு ஒண்ணுந் தரமாட்டாங்க அம்மிணி. அவ வந்து கேட்டப்ப நானே வேண்டான்னுதான் சொன்னேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "சட்னி ரெண்டும் வேணுமா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டார். விசாரிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து அவளுடைய மாமியார். அவர் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். தெருவில் யார் வந்தாலும் போனாலும் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தெரிந்துகொள்வார். மருமகளை மறுபடி அந்த வேலைக்கு விரட்டுவது இவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கேட்டால், அவள் வீட்டில் இருப்பதே தனக்கு நல்லது என்றார். மகன் லாரியில் போய்விட்டால் வாரக்கணக்கில் வருவதில்லை, வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா என்றார். மருமகள் வேலைக்குப் போவது பற்றிக் கேட்டபோது, "கம்பெனி பஸ்ஸு ஊட்டு முன்னாடி வருது, ஊட்டு முன்னாடி எறக்கிவுடுது. அதனால சரி" என்று முடித்துக்கொண்டார். அது விரட்டுகிறவரின் பேச்சு இல்லை.

மூன்றாவதாகச் சந்தேகப்பட்டது கொஞ்சம் அசிங்கமானது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்ன தகவல்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி, பதிலுக்கு வேலை தருவதாகக் கம்பெனி பேசியிருக்கலாம் என்று நினைத்தேன். அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த பெர்சனல் ஆபீசரை ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருந்தேன். ஆலப்புழைப் பக்கத்து இளைஞர், தமிழ் நன்றாகப் பேசுவார். போனில் கூப்பிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அப்படி ஒரு பெண் இருந்ததே அவருக்கு நினைவில்லை. போனவர்கள் திரும்பி வருவது அங்கே புதிதல்ல என்றார். "எங்க இடத்துல லேடீஸ் போவாங்க, வருவாங்க மேடம். வேற எடத்துக்குப் போனாலும் வந்திருவாங்க." அதில் ஒரு நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயம் எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு இடம் என்று அவர் சொன்னது பொதுவாகத்தான். ஆனால் இவள் விஷயத்தில் அந்த வேறு இடத்தை ஏற்பாடு செய்தது நான். பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக் கடை. முதலாளி என் பழைய பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தவர், மரியாதையான மனிதர். விற்கிற பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார். சாப்பிட மேலே ஒரு அறை, ஃபேன். கழிப்பறைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு நேர் பஸ். கம்பெனியில் கிடைத்ததைவிடச் சம்பளம் குறைவும் இல்லை. அவள் கொஞ்ச நாள் போனாள். அப்புறம் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஒத்துவரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. என் நான்காவது சந்தேகம் அந்த மரியாதையான மனிதர்மீது விழுந்தது. பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனேன்.

கடையில் கூட்டம் இல்லாத நேரம். முதலாளி டீ வரவழைத்தார். அவளைப் பற்றி எடுத்ததும் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறியது, ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. வருத்தப்பட்டார்.

"வேல செய்யறதுல ஒரு கொற சொல்ல முடியாதுங்க. அந்தப் போனுதானுங்க" என்றார்.

போன் வந்துகொண்டே இருக்குமாம். அவள் கணவனிடமிருந்து. சாதாரண அழைப்பு இல்லை, வீடியோ. நாசிக்கில் லோடு இறக்கிக்கொண்டிருப்பான், ஹைவேயில் டீக்கடையில் நிற்பான், அங்கிருந்து கூப்பிடுவான். எடுத்ததும் கேமராவைத் திருப்பு என்பான். கடையைச் சுற்றிக் காட்ட வேண்டும். யார் நிற்கிறார்கள், யார் பேசினார்கள், அந்தச் சட்டைக்காரன் யார் என்று கேட்பான். ஒரு நாள் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், என்னை எதற்குப் படம் எடுக்கிறாய் என்று சத்தம் போட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முதலாளியிடம் வந்து, காலையில் வந்ததும் என் போனை வாங்கி உங்கள் டிராயரில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"வாங்கி வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? அடுத்தவிக ஊட்டுப் பொண்ணோட போன நான் வாங்கிப் பூட்டறது மரியாதையாங்க? வேண்டாம்மா, நீயே அணைச்சு வெச்சுக்கோன்னேன்."

அவள் அணைத்து வைத்தாள். கணவன் கடையின் நம்பருக்குக் கூப்பிட்டான். முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மறுநாளும் கூப்பிட்டான், மறுநாளும் கொடுத்தார். ஒரு கணவன் மனைவியிடம் பேச வேண்டும் என்று பணிவாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று என்னிடமே கேட்டார். அதற்கு அடுத்த வாரம் அவள் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் கட்டுரையின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். கம்பெனியின் கொடுமைகள் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் முதலாவது, மரக்கட்டைக்கும் முன்னால், இது: உள்ளே நுழையும்போது பெண்களின் போன்களை வாங்கி ஒரு இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டுகிறார்கள், ஷிஃப்ட் முடிந்துதான் தருகிறார்கள், வீட்டில் உயிர்போகிற அவசரம் என்றாலும் தகவல் சொல்ல வழியில்லை. இதை எனக்குச் சொன்னது வரிசையில் வேறொரு பெண். இவள் சொன்ன எத்தனையோ குறைகளில் இது இருக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். பொள்ளாச்சி போய் வந்தேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே மாமியார் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானா அணைச்சு வெச்சா ஏன் அணைச்சேன்னு கேப்பாருங்க்கா. ஊட்டுல வெச்சுட்டுப் போனா ஏன் வெச்சுட்டுப் போனேன்னு கேப்பாரு. கம்பெனி புடுங்கி வெச்சா யாரோட சண்ட போடுவாரு?"

நான் அந்த சூப்பர்வைசரை நினைவுபடுத்தினேன். தரையில் போட்ட கட்டையை நினைவுபடுத்தினேன்.

"அவன் கெட்டவந்தான். அவன் ஷிஃப்ட் முடிஞ்சா அவனூட்டுக்குப் போயிருவானுங்க்கா" என்றாள்.

கணவன் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அடிப்பாரா என்று கேட்டேன். அம்மா வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். தெருவில் யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டிருப்பேன். அவள் துணிகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, கோபம் இல்லாமல் சொன்னாள்:

"நீங்களும் கேட்டுக்கிட்டே இருக்கறீங்க. அங்க போனா தேங்கா மட்டுந்தானுங்க்கா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பெர்சனல் ஆபீசரிடம் பேசினேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கேட்டில் நின்றால் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னார். நிற்காமல் எடுக்க முடியாதா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அவள் நின்ற அன்று நான் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக வந்த மாதிரி இருக்கட்டும் என்று செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டேன். பஸ்கள் வந்தன. பெண்கள் இறங்கினார்கள். சூப்பர்வைசர் பைக்கில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றான். இளைஞன், நான் நினைத்திருந்ததைவிடச் சிறியவன். அவள் ஏதோ சொன்னாள். அவன் காதைக் காட்டினான், சத்தமாகச் சொல் என்பதுபோல. சத்தமாகச் சொன்னாள். எனக்கு டீக்கடையில் கேட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை உள்ளே விட்டான்.

அதைவிட நான் உற்றுப் பார்த்தது அலமாரியை. செக்யூரிட்டி ஒவ்வொரு போனாக வாங்கி அலமாரியில் எண் ஒட்டிய சின்னத் தடுப்பில் போட்டான். பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதிவைத்திருந்தேன். அங்கே எவரும் பிடுங்கவில்லை. தயங்கியவர்கள் சிலர் உண்டு, கடைசி நேரத்தில் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் சிலர் தங்கள் முறை வருவதற்கு முன்பே போனைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியின் போன் நீட்டும்போதே அடித்தது. செக்யூரிட்டி எடுக்கிறாயா என்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் பின்னலைத் தலைக்கு மாட்டும் வலைக்குள் சொருகிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

கம்பெனிக்கு இது தெரியுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. வந்திருவாங்க என்று அந்த இளைஞர் சொன்ன நிச்சயத்தை நினைத்தால், தெரியும் என்றுதான் படுகிறது. யார் யார் என்று பெயர் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் எதையோ பூட்டிவிட்டு வர நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் போதுமான அளவு இருக்கிறார்கள் என்ற கணக்கு தெரிந்திருக்கும். அந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை ஸ்டூல் போட வேண்டியதில்லை, இன்னொரு மரக்கட்டை செய்ய வேண்டியதில்லை.

மாம்பழக் காலத்தில் அவள் கணவன் என் வீட்டுக்கு வந்தான். முதலமடையிலிருந்து டெல்லிக்கு லோடு ஏற்றுகிற நாட்கள். ஒரு பை பழம் கொண்டுவந்திருந்தான். ஒல்லியான, சுத்தமாகச் சவரம் செய்த, நாற்காலியின் நுனியில் உட்காரும் மனிதன். நான் கம்பெனியைப் பற்றி எழுதுவதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னான். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

"அங்க பொம்பளைங்க போனப் புடுங்கி வெக்கறாங்களாமுங்க. ஊட்டுல ஒரு ஆபத்துன்னா எப்படிச் சொல்றது? எங்கம்மாக்குச் சுகர் இருக்குது. இது மனுச உரிமைக்கு விரோதமில்லீங்களா? லேபர் ஆபீசுல சொன்னா கேக்க மாட்டாங்க. பேப்பர்ல வந்தா மாத்திருவாங்க. நீங்க எழுதோணும்" என்றான்.

நான் குறிப்பில் எழுதியிருந்த வாக்கியமும் அவன் சொன்னதும் ஏறக்குறைய ஒன்று. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவன் சொல்வதுபோல, எழுதினால் கம்பெனி மாற்றவும் கூடும். செலவில்லாத திருத்தம், போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மரக்கட்டை அப்படியே இருக்கும், போன் மட்டும் கைக்கு வந்துவிடும். தோல் சீவும் மேஜையில் தேங்காய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் அது அடிக்கும்.

"அது உணவுப்பொருள் செய்யற எடமுங்க" என்றேன். "கையில போன் இருந்தா சுத்தம் கெட்டுப்போகும். வெளிநாட்டுக்காரங்க போட்ட விதி. அத யாரும் மாத்த முடியாது."

பெர்சனல் ஆபீசர் என்னிடம் சொன்ன விளக்கம் அது. அதைக் கேட்டபோது நம்பாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். இப்போது அவரைவிடத் திருத்தமாகச் சொன்னேன்.

"அவசரம்னா?"

"ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடலாம். அவங்க வரிசையிலிருந்து ஆளக் கூப்பிட மாட்டாங்க. செய்தி மட்டும் சொல்லுவாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பதில் வந்துவிட்டது, ஆனால் முழுதாக வரவில்லை என்று தெரிந்துகொண்டவனின் பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"அவ உங்ககிட்ட எதாச்சும் சொன்னாளுங்களா?"

"என்ன சொல்லணும்?"

"இல்லீங். சும்மா கேட்டேன்."

கட்டுரை பிறகு வெளிவந்தது. மரக்கட்டை இருந்தது, நின்றுகொண்டே வேலை செய்வது இருந்தது, கேட்டில் நிற்பது இருந்தது. போனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பத்திரிகையின் ஆசிரியர், அது எங்கே போயிற்று என்று கேட்டார். உறுதிப்படுத்த முடியவில்லை என்றேன்.

அவன் வந்துபோனதற்கு மறுநாள் காலையில் கம்பெனி பஸ் தெருவில் நின்றது. வழக்கமாக ஏறும்போது அவள் என் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்ப்பாள். அன்றைக்குத் திரும்பவில்லை. நானும் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் வீட்டு ஜன்னலில் கணவனும் மாமியாரும் ஒன்றாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.